பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் காய்ச்சல்: தாய்க்கு ஏற்படும் தொற்றுகளும் அவற்றுக்கு வழிவிடும் காரணங்களும்

மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருப்பது இதுதான். சிசேரியன் மூலம் முதற்பிள்ளையைப் பெற்று நான்காம் நாள் வீடு திரும்பிய தங்கைக்கு ஆறாம் நாள் குளிரும் காய்ச்சலும் கண்டன. பால் கட்டியதால் வந்த காய்ச்சல் என்று வீட்டார் பனடோல் (பரசிட்டமோல்) கொடுத்து இரண்டு நாள் பார்த்திருந்தார்கள். எட்டாம் நாள் அடிவயிற்று நோவும் நாற்றமுள்ள கழிவும் சேர்ந்துவர வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கருப்பையில் தொற்று என்று சொல்லி நாளத்தின் வழியாக மருந்தேற்றினார்கள். இப்போது அவர் குணமாகி வருகிறார். இது ஏன் வந்தது, பத்தியம் தவறியதாலா, யாருடைய கவனக்குறைவாலா, இப்படி வரக்கூடியவர்கள் யார், அடுத்த பிள்ளைக்கும் இது வருமா என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, உங்கள் அம்மாவின் மனத்தில் இருக்கும் பாரத்தை முதலில் இறக்கிவைக்க விரும்புகிறேன். ஐந்தாம் நாள் இறால் கறி கொடுத்ததால்தான் உள்ளே புண் பழுத்தது என்று அவர் தன்னையே நொந்துகொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கருப்பைத் தொற்று உணவினால் வருவதில்லை. இறாலுக்கு ஒவ்வாமை உள்ளவருக்கு அது தோலில் தடிப்பையும் சொறியையும் தரலாமே தவிர, பற்றீரியாவைக் கருப்பைக்குள் கொண்டுசேர்க்காது. ஆறாம் நாள் காய்ச்சலாக வெளிப்பட்ட தொற்று பெரும்பாலும் பிரசவ வலியின்போதோ அறுவையின்போதோ உள்ளே நுழைந்து, சில நாட்கள் சத்தமின்றிப் பெருகிய பின்னரே தன்னைக் காட்டியிருக்கும். உங்கள் தங்கையும் இதில் எந்தத் தவறும் செய்யவில்லை.

பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடி கழன்ற பின்னர், அது ஒட்டியிருந்த இடம் கருப்பையின் உட்சுவரில் உள்ளங்கையை விடப் பெரிதான பச்சைப் புண்ணாக இருக்கும். கருப்பை சுருங்கச் சுருங்க அந்தப் புண்ணும் சுருங்கும் என்றாலும், அது முழுதாக ஆற ஏறத்தாழ ஆறு வாரங்கள் எடுக்கும். அந்த நாட்களில் கருப்பைவாய் முற்றாக மூடியிருப்பதில்லை. உள்ளே இரத்தமும் சிதைந்த இழையமும் தங்கியிருக்கின்றன. இவை பற்றீரியாக்களுக்கு நல்ல உணவு. சாதாரண காலத்தில் யோனியிலும் மலக்குடலிலும் தோலிலும் தீங்கின்றி வாழும் பற்றீரியாக்கள் மேலேறிச் சென்று அந்தப் புண்ணில் குடியேறுவதே கருப்பைத் தொற்று. பன்னீர்க்குடம் உடைந்த நேரம் அல்லது பிரசவ வலி தொடங்கிய நேரம் முதல், பிள்ளை பிறந்து 42ஆம் நாள் வரை பிறப்பு வழியில் ஏற்படும் தொற்றை உலக சுகாதார நிறுவனம் பிரசவத் தொற்று என்று வரையறுக்கிறது. அதே நாட்களில் அறுவைக் காயத்திலும், கீழ்ப்பகுதித் தையலிலும், சிறுநீர் வழியிலும், மார்பிலும், சில வேளை நுரையீரலிலும் தொற்று வரலாம். அந்தத் தொற்று இரத்த ஓட்டத்தையும் உறுப்புகளையும் பாதிக்கும் நிலைக்குப் போவதைத்தான் வைத்தியர்கள் செப்சிஸ் என்கிறார்கள். உலகளவில் தாய் மரணங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று இதனால் நிகழ்கிறது. இரத்தப்போக்கும் உயர் குருதியமுக்கமும் இதைவிட அதிகமான தாய்மாரைக் கொன்றாலும், அவ்விரண்டும் பெரும்பாலும் தாதியரின் கண்முன்னே வைத்தியசாலையில் வெளிப்படுகின்றன. தொற்றோ தாய் வீட்டுக்குப் போன பிறகு வெளிப்படுகிறது. நான் எழுதப்போவதில் முக்கால்வாசியும் இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான்.

தொற்றைத் தரும் கிருமிகளில் பெரும்பாலானவை தாயின் உடலிலேயே இருப்பவை: குடலில் வாழும் ஈ. கோலை, ஒட்சிசன் இல்லாத இடத்தில் பெருகும் பற்றீரியாக்கள், பி பிரிவு ஸ்ரெப்ரோகொக்கஸ், தோலில் இருக்கும் ஸ்ரபிலோகொக்கஸ் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. ஒரே தாயில் இரண்டு மூன்று வகைகள் சேர்ந்தே இருப்பது வழக்கம். ஏ பிரிவு ஸ்ரெப்ரோகொக்கஸை மட்டும் தனியே சொல்லவேண்டும். அது தொண்டை நோவைத் தரும் கிருமி. பெரும்பாலும் வெளியிலிருந்து வருவது. காலையில் நன்றாக இருந்த தாயை மறுநாளைக்குள் உயிராபத்தான நிலைக்குக் கொண்டுபோகும் வேகம் அதற்கு உண்டு. வீட்டில் ஒரு சிறுவனுக்குத் தொண்டை நோவும் காய்ச்சலும் இருந்தால், அவனைத் தொட்ட கையோடு கழிவறைக்குப் போய் பேட் மாற்றும் தாய்க்கு அந்தக் கிருமி போய்ச் சேரலாம். ஆகையால் பிள்ளை பெற்றவர் கழிவறைக்குப் போவதற்கு முன்னும் பின்னும், இரண்டு தடவையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவவேண்டும். முன்னர் கழுவுவதை எவரும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஆனால் இந்தக் கிருமியைப் பொறுத்தவரை அதுவே முக்கியமானது.

கைகளின் வழியே இது பரவுகிறது என்பதை வைத்தியத்துறை ஏற்றுக்கொள்ளவே நெடுங்காலம் சென்றது. வியன்னா நகரின் பெரிய வைத்தியசாலையில், பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவ விடுதிக்கு வந்த வைத்தியர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில், மருத்துவிச்சிகள் பார்த்த பிரிவைவிட மிக அதிகமான தாய்மார் இறப்பதைக் கண்ட செமல்வைஸ் என்ற வைத்தியர், 1847ஆம் ஆண்டு மே மாதத்தில் குளோரின் கலந்த நீரில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு யூனில் நூற்றுக்கு இரண்டளவில் இறங்கியது. அப்படியிருந்தும் அவரது சொல்லை அக்காலத்துப் பெரியவர்கள் பலர் ஏற்கவில்லை. நமது நாடாகிய இலங்கையிலும் 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். பயிற்சி பெற்ற மருத்துவமாதர் கிராமந்தோறும் வந்ததும், வைத்தியசாலைப் பிரசவம் வழக்கமானதும், பெனிசிலின் போன்ற மருந்துகள் கிடைத்ததும் அந்த எண்ணிக்கையை நூறுக்கும் மிகக் கீழே கொண்டுவந்தன.

இனி, யாருக்கு வரக்கூடும் என்ற கேள்வி. காரணங்களில் முதலிடம் சிசேரியனுக்கே. யோனிவழிப் பிரசவத்தோடு ஒப்பிடுகையில் சிசேரியனுக்குப் பின் தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். 5 முதல் 20 மடங்கு என்று நூல்கள் எழுதுகின்றன. வயிற்றுச் சுவரும் கருப்பைச் சுவரும் வெட்டப்படுவதும், வெட்டிய இடத்தில் தையலும் உறைந்த இரத்தமும் தங்குவதும் இதற்குக் காரணங்கள். இங்கும் ஒரு வேறுபாடு உண்டு. திகதி குறித்து, வலி வருமுன் செய்யும் சிசேரியனில் ஆபத்து குறைவு. பன்னீர்க்குடம் உடைந்து, பல மணிநேரம் வலி எடுத்து, பலமுறை உட்பரிசோதனை செய்து, பிறகு பிள்ளையின் இதயத்துடிப்பு தளர்ந்ததால் அவசரமாகச் செய்யும் சிசேரியனில் ஆபத்து கூடுதல். உங்கள் தங்கைக்கு நடந்தது இரண்டாவது வகை என்பதை நீங்கள் எழுதியதிலிருந்து புரிந்துகொள்கிறேன். அந்த அறுவை பிள்ளையின் உயிரைக் காத்தது. அறுவையைக் குறைசொல்வது என் நோக்கமல்ல; அப்படி அறுவை செய்துகொண்ட தாயை வீட்டில் எவ்வளவு கூர்மையாகக் கவனிக்கவேண்டும் என்பதையே சொல்ல வருகிறேன்.

சிசேரியனுக்குக் கத்தி வைக்குமுன், வழமையாக ஒரு மணிநேரத்துக்குள், செஃபசோலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி ஒரு தடவை ஏற்றப்படுகிறது. இது கருப்பைத் தொற்றைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பது பல ஆய்வுகளால் உறுதிப்பட்ட விடயம். பாதிக்கு மேல் குறைக்கிறது என்றால் முற்றாக ஒழிப்பதில்லை என்பதும் அதனுள் அடங்கும். ஆகவே, வைத்தியசாலையில் எல்லாம் முறைப்படி நடந்திருந்தும் சிலருக்குத் தொற்று வரும். வந்த ஒவ்வொரு தொற்றையும் யாரோ ஒருவரின் குற்றமாகக் காண்பது நியாயமாகாது.

யோனிவழிப் பிரசவத்தில் ஆபத்தைக் கூட்டுபவற்றுள் நேரம் முக்கியமானது. பன்னீர்க்குடம் உடைந்த கணத்திலிருந்து பிள்ளைக்கும் கிருமிக்கும் இடையில் இருந்த மதில் இல்லாமற் போகிறது. 18 மணித்தியாலத்தைத் தாண்டியும் பிள்ளை பிறக்காவிட்டால் தொற்றின் வாய்ப்பு தெளிவாகக் கூடுகிறது. இதனாலேயே, வலி இல்லாவிட்டாலும் தண்ணீர் உடைந்தவுடன் வைத்தியசாலைக்கு வாருங்கள் என்று கிளினிக்கில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வலி வந்த பிறகு போகலாம், இப்போதே போனால் வீணாகக் காத்திருக்கவேண்டும் என்று வீட்டில் இருந்துவிடும் இரவு ஒன்று பின்னர் பெரிய விலை கேட்கலாம். நீண்ட பிரசவ வலியும் அப்படியே. உட்பரிசோதனை ஒவ்வொன்றும் கிருமியை மேலே தள்ளக்கூடியது என்பதால், வலி வலுத்த பின்னரும் இயல்பாகப் போகும் பிரசவத்தில் நான்கு மணிநேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்தாற் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. எத்தனை விரல் திறந்திருக்கிறது என்று மணிக்கொருதரம் பார்க்கச் சொல்லித் தாதியரை நெருக்கும் உறவினர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

நஞ்சுக்கொடி தானாக வராமல் கையை உள்ளே விட்டு எடுக்க நேர்ந்த தாய்மார், நஞ்சுக்கொடியின் துண்டோ சவ்வோ உள்ளே தங்கிப்போனவர்கள், பிரசவத்தில் அதிக இரத்தம் இழந்தவர்கள், ஆயுதம் பயன்படுத்திப் பிள்ளையை எடுத்தவர்கள், மலவாய்த் தசைவரை கிழிந்து தையல் போட்டவர்கள், பல மணிநேரம் சிறுநீர்க்குழாய் போட்டிருந்தவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருகிறார்கள். இவர்களுள் கையால் நஞ்சுக்கொடி எடுத்தவர்களுக்கும் மலவாய்வரை கிழிந்தவர்களுக்கும் முன்கூட்டியே நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கவேண்டும் என்று பரிந்துரை இருக்கிறது. எந்தச் சிக்கலுமின்றிப் பிள்ளை பெற்ற தாய்க்கு அது தேவையில்லை. 2023இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஏழு நாடுகளில் ஏறத்தாழ 29,000 தாய்மாரில், யோனிவழிப் பிரசவத்தை எதிர்பார்த்திருந்த வேளையில், பாதிப்பேருக்கு அசித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி 2 கிராமும், மற்றப் பாதிப்பேருக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் ஒரு தடவை வாய்வழியே கொடுத்துப் பார்த்தார்கள். தாய்க்குச் செப்சிஸ் அல்லது மரணம் நேர்ந்தது நூற்றுக்கு 2.4இலிருந்து 1.6ஆகக் குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் அது பிரசவ விடுதியில் வைத்தியர் தீர்மானிக்கவேண்டிய விடயம். பாமசியில் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போவதற்கான மருந்தல்ல.

தாயின் உடல்நிலையிலிருந்து வரும் காரணங்களுள் எங்கள் மாவட்டங்களில் அதிகம் கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது இரத்தச்சோகை. கர்ப்பகாலத்தில் ஈமோகுளோபின் ஒரு டெசிலீற்றருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை. அப்படியான தாய் பிரசவத்தில் சாதாரண அளவு இரத்தத்தை இழந்தாலே தளர்ந்துபோகிறாள்; கிருமியை எதிர்க்கும் வலுவும் குறைகிறது; புண் ஆறவும் நாளாகிறது. கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அலுமாரியில் அடுக்கி வைத்துவிடுவதும், அதைத் தேநீரோடு விழுங்குவதும் நமது வீடுகளில் சாதாரணமாக நடப்பவை. தேநீர் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். தேசிக்காய்ச் சாறோ தோடம்பழமோ அதற்கு உதவும். இரண்டாவது சீனி வருத்தம். கர்ப்பகாலத்தில் மட்டும் தோன்றும் நீரிழிவும் இதில் அடங்கும். தெற்காசியப் பெண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. இரத்தத்தில் சீனி உயர்ந்திருக்கும்வரை வெட்டுக்காயம் ஆறாது, கிருமி அடங்காது. உடற்பருமன் தனியாகவும் நீரிழிவோடு சேர்ந்தும் சிசேரியன் காயத் தொற்றைக் கூட்டுகிறது, அடிவயிற்று மடிப்பில் காயம் ஈரமாகவே இருப்பது அதற்கு ஒரு காரணம். கர்ப்பகாலத்தில் கவனிக்கப்படாத சிறுநீர்த் தொற்றும் யோனித் தொற்றும் சிலருக்குக் காரணமாகின்றன.

பத்தியம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் பக்கத்து வழக்கங்களை நான் தூக்கியெறியச் சொல்லமாட்டேன். துடக்குக் காலமாகிய 31 நாட்களும், முஸ்லிம் வீடுகளில் நாற்பது நாட்களும், பிள்ளை பெற்றவளை அடுப்படி வேலையிலிருந்து விடுவித்து இருத்திவைக்கும் வழக்கம் அருமையானது. ஆஸ்பத்திரி எழுதிக்கொடுக்க முடியாத மருந்து அது. வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதித்த நீரை ஆறவைத்துக் குளிப்பதால் கேடில்லை. மிளகும் உள்ளியும் சேர்ந்த சரக்குக் கறியும், பால்சுறாவும், முருங்கையிலையும் நல்ல உணவு. ஆனால் தண்ணீர் குடித்தால் வயிறு வைக்கும் என்று தாகத்தோடு விடுவதை நிறுத்தவேண்டும். அது சிறுநீர்த் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் பால் குறைவுக்கும் வழிவிடும். மரக்கறியையும் பழத்தையும் முட்டையையும் மாதக்கணக்கில் விலக்குவது இரத்தச்சோகையை நீட்டிக்கிறது. சிசேரியன் செய்தவரின் வயிற்றில் கொதிநீரை வீசி அடித்து ஊற்றுவதும், இறுகக் கட்டுவதும், காயத்தின்மேல் மஞ்சளோ எண்ணெயோ இலைச்சாறோ பூசுவதும் கூடாது. காயம் சுத்தமான நீரால் கழுவப்பட்டு, ஒற்றி எடுத்து உலர விடப்பட்டால் போதும். கீழ்த்தையலுக்கும் அதுவே பொருந்தும். பேட்டை நான்கைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். துணி பயன்படுத்துவோர் அதைச் சவர்க்காரமிட்டுத் துவைத்து நேர்வெயிலில் காயவைக்கவேண்டும். துடக்குத் துணி என்று வேலிக்குப் பின்னால் நிழலில் ஒளித்துக் காயவைப்பதால் ஈரமும் கிருமியும் அதிலேயே தங்கிவிடுகின்றன.

இனிச் சொல்லப்போவதே இந்தப் பதிலில் எனக்கு முக்கியமானது. மேலே சொன்ன காரணங்களுள் பல தாயின் கையிலும் இல்லை, வீட்டார் கையிலும் இல்லை. காய்ச்சல் தொடங்கியதற்கும் வைத்தியசாலை வாசலை மிதித்ததற்கும் இடையிலுள்ள நேரம் மட்டும் முழுக்க முழுக்க வீட்டார் கையில் இருக்கிறது. சாதாரணப் பிரசவமானால் ஓரிரு நாளிலும், சிசேரியனானால் சில நாட்களிலும் தாய் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். தொற்றோ பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. அதைப் பார்ப்பது தாதியல்ல. அம்மா, அக்கா, சின்னம்மா, பெரியம்மா ஆகியோர்தான். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் கலியாணம் முடித்த பெண் தன் தாயோடும் சகோதரிகளோடும் ஒரே வளவில் இருப்பது இன்னும் பெருவழக்கமாக இருப்பதை இந்த விடயத்தில் நான் பெரும் பாக்கியமாக நினைக்கிறேன். வேறிடங்களில் மாமியாரிடம் சொல்லத் தயங்கி நாற்றக் கழிவை மறைத்துவைக்கும் பெண்கள் உண்டு. இங்கே தன் அம்மாவிடம் சொல்வதற்கு அந்தத் தடையில்லை. ஆனால் அந்த அம்மாவுக்கு எது ஆபத்து என்று தெரிந்திருக்கவேண்டும்.

தாமதத்துக்கு இரண்டு காரணங்களை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். முதலாவது, காய்ச்சலுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவது. மூன்றாம் நாளளவில் பால் இறங்கும்போது மார்பு கனத்து உடம்பு சற்றுச் சுடுவது உண்மைதான். அது இலேசானது, ஒரு நாளைக்குள், பாலை நன்றாகக் குடிக்கக் கொடுத்தவுடன் அடங்கிவிடும். 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 பாகை பரனைட்டுக்கு மேற்பட்ட காய்ச்சலையும், குளிர் நடுக்கத்தோடு வரும் காய்ச்சலையும், நான்காம் நாளுக்குப் பின் புதிதாக வரும் காய்ச்சலையும் பாலின்மேல் போட்டுவிடக்கூடாது. மார்கழி, தை மாதங்களில் மழைக்குப் பின் டெங்கு பரவும்போது எல்லாக் காய்ச்சலையும் டெங்கு என்று நினைத்துக் காத்திருப்பதும் நடக்கிறது. டெங்குவாக இருந்தாலும் பிள்ளை பெற்ற தாய்க்கு வைத்தியசாலைதான் இடம். இரண்டையும் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை வேண்டும். அதுவரை அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனாக் போன்ற நோவு மாத்திரைகளை வீட்டில் கொடுக்கக்கூடாது. சிசேரியன் நோவுக்காக ஏற்கெனவே பனடோல் எடுத்துக்கொண்டிருக்கும் தாய்க்குக் காய்ச்சல் வெப்பமானியில் தெரியாமலே போகலாம் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

இரண்டாவது காரணம் வழியும் வாகனமும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள படுவான்கரைக்காரருக்கு 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பிறகு வாவியைக் கடக்கத் தோணிக்குக் காத்திருக்கும் கஷ்டம் குறைந்தது. ஆயினும் மாரிவெள்ளத்தில் கிரான், புலிபாய்ந்தகல் வீதி தண்ணீருக்கடியில் போய்விடுகிறது. வாகரையிலிருந்தும் வெல்லாவெளியின் உட்கிராமங்களிலிருந்தும் பாணமைப் பக்கத்திலிருந்தும் பெரிய வைத்தியசாலைக்குப் போவது இன்னும் நீண்ட பயணம். விடியட்டும், மழை விடட்டும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். ஐப்பசி முதல் தை வரை பிள்ளைபெற நாளிருக்கும் பெண்கள், பெறுவதற்கு முன்பு எப்படிப் போவது என்று திட்டமிடுவதுபோல், பெற்று வந்த பிறகு இரவில் காய்ச்சல் வந்தால் எவருடைய வாகனத்தில் எந்த வழியால் போவது என்பதையும் பேசிவைத்துக்கொள்ளவேண்டும்.

எதைப் பார்க்கவேண்டும்? கழிவு முதலில் சிவந்து, பிறகு மண்ணிறமாகி, பிறகு வெளிறி, நாளுக்கு நாள் குறைவதே இயல்பு. அது நாற்றமெடுத்தாலும், குறைந்த இரத்தம் இரண்டாம் வாரத்தில் திரும்பவும் சிவப்பாகக் கூடினாலும் உள்ளே தொற்றோ தங்கிய துண்டோ இருக்கலாம். அடிவயிறு நாளுக்கு நாள் நோவு குறையாமல் கூடினால், தொட்டாலே துடித்தால், அது கவலைக்குரியது. காயத்தின் ஓரம் சிவந்து வீங்கிச் சூடாக இருப்பது, சீழோ நீரோ வடிவது, தையல் விட்டுப்போவது ஆகியவற்றை யாரும் எளிதில் கண்டுகொள்வார்கள். எளிதில் தவறவிடப்படுபவை வேறு: படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடப்பது, மூச்சு வேகமாக வாங்குவது, சிறுநீர் மிகக் குறைவது, கைகால் குளிர்ந்து வியர்ப்பது, வாந்தியும் வயிற்றோட்டமும், பேச்சு தடுமாறுவது, பிள்ளையைக் கவனிக்காமல் மயங்கிக் கிடப்பது. காய்ச்சல் இல்லாமலே, உடம்பு சில்லிட்ட நிலையிலும் செப்சிஸ் இருக்கலாம். பிதற்றும் தாயைப் பார்வை பட்டது, பேய் பிடித்தது என்று நூல் கட்டக் கொண்டுபோகும் வழக்கம் முற்றாக மறையவில்லை. நம்பிக்கையுள்ளவர்கள் நூலைக் கட்டிக்கொள்ளட்டும். ஆனால் அம்பியூலன்ஸில் ஏற்றிய பிறகு கட்டட்டும். இந்த இறுதி அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல், சிறிய மருந்தகங்களில் நேரம் போக்காமல், மகப்பேற்று வைத்திய நிபுணர் இருக்கும் வைத்தியசாலைக்கு, உங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கோ, உடனே போகவேண்டும். கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறைப் பகுதிகளிலும் அப்படியான வைத்தியசாலைகள் இருக்கின்றன.

குடும்பநல மருத்துவமாது முதற்பத்து நாட்களுக்குள் இரண்டு தடவையும், அதன் பின்னும் ஆறு வாரத்துக்குள் வீட்டுக்கு வருவது நமது நாட்டின் பெரிய பலம். அவர் வந்தால் பிள்ளையை நிறுத்துக் காட்டுவதோடு விட்டுவிடாமல், தாயின் காயத்தையும் கழிவையும் காட்டுங்கள். பிரசவத்துக்காக வேறு ஊரிலுள்ள அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் பெண், தான் இன்ன இடத்தில் இருக்கிறேன் என்று அந்தப் பகுதி மருத்துவமாதுக்கு அறிவிக்காவிட்டால் இந்த வருகையை இழந்துவிடுவாள்.

வைத்தியசாலையில் இரத்தமும் கழிவும் கிருமிச் சோதனைக்கு எடுக்கப்பட்டு, நாளத்தின் வழியாக நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கப்படும். கிளின்டாமைசினும் ஜென்டாமைசினும் சேர்ந்தது கருப்பைத் தொற்றுக்கு நன்கறியப்பட்ட கூட்டு. உள்ளே துண்டு தங்கியிருந்தால் அதை அகற்றாமல் மருந்து மட்டும் வேலை செய்யாது. பெரும்பாலான தாய்மார் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டுத் தேறுகிறார்கள். வருமுன் பாமசியில் மூன்று அமொக்சிசிலின் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்தால் கிருமிச் சோதனையில் எதுவும் வளராமல், எது சரியான மருந்து என்று கண்டறிவது கடினமாகிவிடும். இந்தத் தொற்றுக்குக் கொடுக்கப்படும் வழக்கமான மருந்துகளில் பெரும்பாலானவற்றோடு பால் கொடுக்கலாம். வைத்தியர் வேறு சொன்னாலன்றிப் பாலை நிறுத்தவேண்டாம்.

மார்புத் தொற்றைப் பற்றிச் சிறிது. ஒரு பக்கத்து மார்பில் ஓரிடம் சிவந்து, கட்டியாகி, காய்ச்சலும் உடல்நோவும் வந்தால் அந்த மார்பிலிருந்தும் பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பால் தேங்கிச் சீழ்க்கட்டியாகலாம். ஒரு நாளுக்குள் குறையாவிட்டால் வைத்தியரிடம் காட்டவேண்டும். காம்பு வெடித்திருந்தால் பிள்ளையை வைத்துக் கொடுக்கும் முறையை மருத்துவமாது திருத்திக் காட்டுவார்.

அடுத்த பிள்ளைக்கும் இது வருமா என்ற உங்கள் தங்கையின் பயத்துக்கு வருகிறேன். ஒருமுறை வந்ததால் மறுமுறையும் கட்டாயம் வரும் என்பதில்லை. நீண்ட வலியும் அவசர அறுவையும் திரும்ப நேராவிட்டால் ஆபத்தும் பெரிதும் குறைவு. ஆனால் கருப்பைத் தையலில் தொற்று வந்திருந்தால் அந்தத் தழும்பின் வலுவைப் பற்றி வைத்தியர் கவலைப்படுவார். ஆகையால் வைத்தியசாலையில் தந்த நோய் நிர்ணய அட்டையைத் தொலைக்காமல் வைத்திருந்து, அடுத்த கர்ப்பத்தில் முதற் கிளினிக்கிலேயே காட்டவேண்டும். அடுத்த பிள்ளை வயிற்றில் வருமுன் குறைந்தது ஒன்றரை, இரண்டு வருட இடைவெளி விடவேண்டும். அதற்குள் ஈமோகுளோபினையும் சீனியின் அளவையும் பார்த்துத் திருத்திக்கொள்ளவேண்டும். இடைவெளிக்குக் கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான லூப் போட்டுக்கொள்ள அவர் விரும்பினால், தொற்று முற்றாகக் குணமாகும்வரை அதை வைக்கக்கூடாது என்பதால், அதுவரை பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஏற்ற வேறு முறையை ஆறாம் வாரக் கிளினிக்கில் கேட்டுப் பெறட்டும்.